எழுபத்திரண்டு பேரும் ஒரே ரெஸ்யூமேயும்

2000 பிறந்தால் கம்ப்யூட்டர்கள் குழம்பிவிடும் என்ற Y2K பயத்தில் அமெரிக்கா ஆள் தேடிக்கொண்டிருந்த வருஷம். ஐசலின் ஸ்டேஷனில் நியூயார்க் ரயில் ஏறினேன். முன் சீட்டில் இரண்டு தமிழர்கள், இன்டர்வியூவுக்குப் போகிறவர்கள். ஒருவன் மடியில் பைபிள். இன்னொருவன் கழுத்தில் சிவப்பு டை.

“எபிரேய வேதத்தை கிரேக்கத்துல மொழிபெயர்த்து எழுத, ராஜா எழுபத்திரண்டு பேரை ஆளுக்கொரு ரூம்ல உட்கார வச்சாராம். கடைசியில பார்த்தா வார்த்தைக்கு வார்த்தை ஒரே மாதிரி இருந்துச்சாம். பாஸ்டர் சொன்னார்,” என்றான் பைபிள்காரன்.

“காப்பி அடிச்சிருப்பானுங்க,” என்றான் டை.

“அற்புதம்டா. ஆவியானவர் சொல்லச் சொல்ல எழுதினாங்க.”

“நம்ம கெஸ்ட் ஹவுஸ்ல ஏழு பேர் ரெஸ்யூமேயும் வார்த்தைக்கு வார்த்தை ஒண்ணுதான். நமக்குச் சொல்லச் சொல்ல எழுத வச்சது, விசா போட்டு நம்மளைக் கூட்டிட்டு வந்த எம்ப்ளாயர்.”

பைபிள்காரன் குரலைத் தாழ்த்தினான்.

“ரெண்டு பேரையும் ஒரே மேனேஜர்தான் பார்க்கப் போறார். ரெஸ்யூமேல ஒரே பேங்க், ஒரே வருஷம், ஒரே டீமுக்கு ரெண்டு டீம் லீடரான்னு கேட்டா?”

“தனித்தனி ரூம்ல எழுதினோம்னு சொல்லு.”

“விளையாடாதடா. மூணு மாசமா வேலை இல்லாம உட்கார்ந்திருக்கோம். இதுவும் போச்சுன்னா எம்ப்ளாயர் ஊருக்கு டிக்கெட் போட்டுடுவான்.”

டை பைபிளைக் காட்டிக் கேட்டான்.

“அந்த எழுபத்திரண்டு பேருக்கும் கிரேக்கம் தெரியுமா?”

“தெரியாமலா? எல்லாரும் பண்டிதருங்க.”

“அங்கதான் நாம அடி வாங்குறோம்.”

பைபிள்காரன் பைபிளைப் பைக்குள் வைத்தான். ‘ஆறு வருஷ அனுபவம்’ என்று ரெஸ்யூமேயில் போட்டிருந்த கோபோல் கம்ப்யூட்டர் மொழியின் புத்தகத்தை எடுத்து, முதல் பாடத்தைத் திறந்தான்.