யார் யாரையோ அழைத்த விளம்பரம்

விழாவுக்குத் தலைமையேற்று வீற்றிருக்கும் வணிகர் சங்கத் தலைவர் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோர்களே! கடையையும் வீட்டையும் சேர்த்துச் சுமந்து, இன்று ஒரு மாலைப்பொழுதுதான் உட்காரக் கிடைத்த தாய்மார்களே! இடமில்லாமல் நின்றுகொண்டே கேட்கும் சகோதரர்களே! கேடயம் வாங்கக் காத்திருக்கும் விளம்பரத் தம்பியே! உங்கள் அனைவருக்கும் கண்ணாடிக் கடைக்காரனின் கனிந்த வணக்கம்.

கனிவு அதோடு முடிந்தது. இனி வருவது கோபம்!

ஆண்டிலேயே அதிகம் பேர் பார்த்த இணைய விளம்பரம் என்று தம்பிக்குக் கேடயம் தருகிறீர்கள். தம்பி போட்டுக்கொடுத்த அந்த விளம்பரம் யாருடையது? என் தங்கையுடையது! சக்கர நாற்காலி பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறாள் அவள். அண்ணன்காரன் வாழ்த்தட்டும் என்று என்னை அழைத்தீர்கள். வாழ்த்தத்தான் வாயைத் திறந்தேன். வயிறு எரிகிறதே, எப்படி வாழ்த்துவேன்?

தாய்மார்களே, விஷயம் இதுதான். ஒருவர் இணையத்தில் எதையோ தேடுகிறார். உங்கள் விளம்பரம் எட்டிப் பார்க்கிறது. எந்தத் தேடலுக்கு எட்டிப் பார்க்க வேண்டும் என்பதற்கு மூன்று வழிகள் உண்டு. எக்ஸாக்ட் மேட்ச் என்றால், நாம் குறித்த சொற்களையே தேடுகிறவருக்கு மட்டும். ஃபிரேஸ் மேட்ச் என்றால், அதோடு முன்னும் பின்னும் நாலு வார்த்தை சேர்த்துத் தேடுகிறவருக்கும். பிராட் மேட்ச் என்றால், ஏதோ சம்பந்தம் இருப்பதாக இயந்திரம் நினைக்கிற எல்லாருக்கும்! அதைப் போடுகிறவன் கூடவே உட்கார்ந்து, ஆகாத சொற்களை விலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். தம்பி பிராட் மேட்ச் போட்டார். போட்டார், போனார்!

வந்த அழைப்புகளைக் கேளுங்கள். "அக்கா, ஆபீஸ் நாற்காலி கிறீச் கிறீச்னு கத்துது, வந்து பாக்குறீங்களா?" "குழந்தை தள்ளுவண்டிக்கு டயர் இருக்கா?" "மீட்டிங்குக்கு நாற்காலி வாடகைக்கு விடுவீங்களா?" சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், சிரியுங்கள். கிரீஸ் கையோடு ஓடிவந்து ஓடிவந்து போனை எடுத்தவள் சிரிக்கவில்லை. விளம்பரத்தை ஒருவர் தட்டும் ஒவ்வொரு தடவையும் நமக்குக் காசு போகும். இந்த வேண்டாத விரல்கள் தட்டித் தட்டியே, அன்றன்றைய விளம்பரப் பணம் நண்பகலுக்குள் தீர்ந்துபோகும். அப்புறம் மறுநாள் வரை விளம்பரம் யார் கண்ணிலும் படாது.

அதோ, தூணோரம் அமர்ந்திருக்கிறாரே கணக்கு டீச்சர், அவரைப் பாருங்கள். பள்ளி விட்டு வீடு திரும்பும் பிற்பகலில், நடுச்சாலையில் அவருடைய சக்கர நாற்காலியின் முன்சக்கரம் முறிந்தது. போனை எடுத்துத் தேடினார். என்ன வந்தது? சோபாக் கடை வந்தது! அடுத்த தெருவில்தான் என் தங்கை வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தாள். அடுத்த தெருவில், ஐயா! கூப்பிட்டிருந்தால் ஸ்பானரோடு ஓடியிருப்பாளே!

வழிப்போக்கர்கள் டீச்சரை நாற்காலியோடு தூக்கிப் போனார்கள். பிறகொரு நாள் பட்டறையின் பலகையைத் தற்செயலாகப் பார்த்து உள்ளே வந்தவர், தங்கையிடம் சொன்னார். "நல்ல மனுஷங்கதாம்மா. ஆனா மூட்டை மாதிரி தூக்கிட்டுப் போனாங்க. இறக்கி விடுங்கன்னு கத்தினேன், ஒருத்தர் காதுலயும் விழல. என் வகுப்புப் பிள்ளைங்க பாத்துக்கிட்டே நின்னாங்க. நீ இங்கதான் இருந்தியா?"

அன்று என் தங்கை அழுத அழுகை! அழுதபடியே தம்பியிடம் போய்க் கேட்டாள். "யாரு என்ன தேடி வர்றாங்கன்னு என்னிக்காவது பாத்தியா தம்பி?" தம்பி சொன்ன பதில், "அதையெல்லாம் உக்காந்து யாருக்கா பாக்குறது? கிராஃபைப் பாருங்க, எப்படி ஏறுது!"

ஏறுகிறதாம்! யாருக்கு ஏறுகிறது? எதற்கு ஏறுகிறது? நான் கண்ணாடி வெட்டுகிறவன். ஜன்னலை அளக்காமல் வெட்டிவிட்டு, எவ்வளவு பெரிய கண்ணாடி பார் என்று பீற்றினால் விடுவீர்களா? என் கன்னத்தில் அறையமாட்டீர்களா? ஊரையெல்லாம் கூப்பிட்டது அந்த விளம்பரம். உடைந்த சக்கரத்தோடு நின்றவரைக் கூப்பிடவில்லை!

தலைவர் மணியடிக்கிறார். அடியுங்கள் ஐயா, முடிக்கத்தான் போகிறேன்.

கேடயத்தை டீச்சர் கையால் கொடுக்கச் சொன்னேன். மேடைக்குப் படி இருக்கிறது, சரிவுப்பாதை இல்லை. அதற்குச் சங்கத்து நிர்வாகி ஒருவர் என்ன சொன்னார் தெரியுமா? "அதனால என்னண்ணே, நாலு பேர் சேந்து தூக்கிடலாம்!" கேட்டீர்களா அநியாயத்தை? மறுபடியும் தூக்குவார்களாம்! இங்கேயும் மூட்டையா?

யாரும் அவரைத் தொடக்கூடாது. விளம்பரத் தம்பி, நீங்கள் இறங்கிப் போங்கள். அவர் எதிரில் உட்காருங்கள். போனைத் திறந்து, அன்று என்ன தேடினீர்கள் என்று அவரிடமே கேளுங்கள். பிராட் மேட்ச்சை எடுங்கள். எக்ஸாக்ட் என்று கதவை ஒரேயடியாகச் சாத்தியும் விடாதீர்கள். தவித்து நிற்பவர் நீட்டி முழக்கித்தான் தேடுவார். ஃபிரேஸ் மேட்ச் வையுங்கள். சோபா, வாடகை, ஆபீஸ், தள்ளுவண்டி, எல்லாவற்றையும் விலக்குச் சொற்களில் போடுங்கள். போட்டுவிட்டு நாளைக்கும் பாருங்கள், மறுநாளும் பாருங்கள். அதன் பிறகு டீச்சர் மனமுவந்து கொடுத்தால் கேடயத்தை வாங்கிக்கொள்ளுங்கள். கைதட்டுகிற முதல் ஆள் நான்தான்.

பொறுத்துக் கேட்டவர்களுக்கு நன்றி. முகம் சுளித்தபடி கேட்டவர்களுக்கும் நன்றி. மணியை நிறுத்திய தலைவருக்குத் தனி நன்றி. டீச்சர், உங்களுக்கு என் வணக்கம்.

தம்பி, இன்னும் ஏன் உட்கார்ந்திருக்கிறீர்கள்? படி அந்தப் பக்கம்.