கண்ணாடி அறைக்குள் கிடைத்த தகரம்

அப்புத்தளையிலிருந்து பண்டாரவளைக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் இருவர்.

“என் வீட்டுக் கூரை ஒழுகுறது ரகசியமாம் புள்ள!” என்றாள் மூத்தவள்.

“யாரு சொன்னா அக்கா?”

“நம்ம தோட்டத்துத் தொரைதான். ஆபீஸ் நடுவுல சத்தமே வெளிய போகாத கண்ணாடி ரூம் கட்டியிருக்காருல்ல? ‘உன் விசயம் நமக்குள்ள இருக்கட்டும்’னு உள்ள கூப்பிட்டாரு. என் அடுப்புல தண்ணி நிக்குது, பக்கத்து வீட்டுல சோறாக்குறேன், ஒட்டு ஒட்டா வீடு இருக்கிற லயத்துல யாருக்குத் தெரியாது? மழைக்கு முன்னால தகரம் தாரேன்னாரு. இப்பக் கேட்டா, நான் எப்ப சொன்னேங்கிறாரு!”

“அவரு தலையாட்டுனத வெளிய நின்ன நாங்க எல்லாரும் பாத்தமே!”

“பாத்தீங்க. கேட்டீங்களா? முன்னெல்லாம் ஆபீஸ் ஜன்னல்ல நின்னு எல்லாரும் கேக்கத்தான் கத்துவோம். தொரை சரின்னா, வரிசையில நிக்கிற அத்தன பேரும் சாட்சி.”

“ஆபீஸ்லயே இருக்கிற கிளாக்கரய்யா?”

“அவருக்கும் கேக்கலையாம். அதுக்குத்தானே கண்ணாடி!”

ஒட்டுக்கேட்கவில்லை என்று காட்ட நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன். வெளியே பனிமூட்டம். பார்க்க எதுவும் இல்லாததால் இன்னும் நன்றாகக் கேட்டது.

“இப்ப என்னக்கா செய்யப்போற?”

“நாளைக்கும் போவேன். கதவ மட்டும் சாத்த விடமாட்டேன். வாசப்படியில கொழுந்துக் கூடைய வச்சு, அதுகிட்டவே நின்னு பேசுவேன்.”

“தொரை கோவிச்சு ஏசினா?”

“ஏசட்டுமே. அதையாவது எல்லாரும் கேப்பீங்கல்ல?”