பதினேழு ஒன்றுகள்

பெருக்கல் கணக்கில் இலக்கங்களை நேர்நேராக எழுத வேண்டும், ஐயா. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அந்தப் பொறுமை கிடையாது. என் மகள் கார்த்திகாவுக்கு இருந்தது. நான் சொல்லிக்கொடுத்ததுதான்.

அம்பத்தூரில் சுப்பராயன் என்றால் யாருக்கும் தெரியாது. 'பதினேழு ஒன்று சார்' என்றால் ஆட்டோக்காரர் என் டியூஷன் சென்டர் வாசலிலேயே இறக்கிவிடுவார். பதினேழு ஒன்றுகளை வரிசையாக எழுதினால் வருவது பகா எண், ஒன்றையும் தன்னையும் தவிர எதனாலும் மீதியின்றி வகுபடாது என்று வாலிபத்தில் நிரூபித்தேன். பல்கலைக்கழகத்தில் எவனும் பதில் போடவில்லை. படித்த பெரிய மனிதர்களுக்கு டியூஷன் வாத்தியார் என்றால் இளப்பம். போகட்டும். அந்த எண்ணை என் போர்டில் எழுதி வைத்தேன், ஊர் நம்பியது. மனைவி விட்டுப் போனபோதும் அது என்னோடு இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை காலை, பெயின்டர் வேம்புலி அந்தப் போர்டைப் புதுசாக எழுதிக்கொண்டிருந்தான். கார்த்திகா மாடிக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"நைனா, அந்த நம்பர் வேணாம். அது வகுபடுது. காலேஜ் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தேன். வேற யாராச்சும் சொல்லிச் சிரிக்கிறதுக்கு முன்னாடி நானே சொல்லிடலாம்னு வந்தேன்."

இருபது லட்சத்து எழுபத்தோராயிரத்து எழுநூற்று இருபத்து மூன்றால் வகுபடுகிறதாம். பெற்ற மகளே வந்து சொல்ல வேண்டுமா? ஈவு ஐந்நூறு கோடிக்கு மேல். இரண்டையும் கையால் பெருக்கிக் காட்டு என்றேன்.

பெயின்ட் வாடை அவளுக்கு ஆகாது. பாதிக் கணக்கில் இழுப்பு வந்துவிட்டது. மேஜையில் இருந்த இன்ஹேலரை எடுத்து என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். முடித்துவிட்டு வாங்கிக்கொள், நிதானமாகப் போடு என்றேன்.

"தப்பாப் போட்டுட்டேன் நைனா. நீ சொன்னதுதான் கரெக்டு. அத்தக் குடு."

இன்ஹேலருக்காகச் சொன்ன பொய். என் மகள் கணக்கில் பொய் சொல்லக் கூடாது. எந்த வரியில் தப்பு என்று காட்டச் சொன்னேன். அவளால் காட்ட முடியவில்லை.

அப்போது கீழேயிருந்து வேம்புலி கூப்பிட்டான். "சார், ஒன்னு அல்லாம் போட்டாச்சு. வந்து எண்ணிப் பாரு சார்."

கதவை வெளியே தாழிட்டுவிட்டு இறங்கினேன். பதினேழும் சரியாக இருந்தன. கடைசி ஒன்று மட்டும் கொஞ்சம் சாய்ந்திருந்தது. அதைத் திருத்தச் சொல்லி நின்றேன். மேலே கதவைத் தட்டும் சத்தம் கேட்டது.

"மாடில இன்னா சார் சத்தம்?"

"பாப்பா கணக்குப் போடுது" என்றேன்.

சத்தம் நின்ற பிறகுதான் ஏறினேன். இன்ஹேலர் அதுவரை என் பையில்தான் இருந்தது. நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் அவள் போட்டு முடித்திருந்த பெருக்கலை நீங்களும் உட்கார்ந்து போட்டுப் பார்த்திருக்கிறீர்கள். உங்களுக்கும் பதினேழு ஒன்றுதான் வந்திருக்கிறது. எங்கேயோ அவள் செய்த அதே தப்பை நீங்களும் செய்திருக்கிறீர்கள். மறுபடி போடுங்கள், ஐயா. நிதானமாகப் போடுங்கள். நான் இங்கேதான் இருக்கிறேன்.