இரவல் நாக்கு

சுருட்டுப் புகையை நெஞ்சுக்குள் இழுக்கக் கூடாது. பாதிப் பேருக்கு இது தெரியாது. வாயில் நிறுத்தி, நாக்கில் உருட்டி, கொஞ்சத்தை மட்டும் மூக்கு வழியே விட வேண்டும். மிளகு, கொக்கோ, பழைய மரம், பதனிட்ட தோல் எல்லாம் அப்போதுதான் பிடிபடும். நீங்கள் கேட்டதற்கு வருகிறேன் ஐயா. இது புரியாவிட்டால் மற்றது புரியாது.

சுருட்டுக் கம்பெனியில் பதினோரு வருடங்களாக ருசி பார்ப்பவன் நான். எந்த இலையோடு எந்த இலை சேர வேண்டும் என்று நான் எழுதிக் கொடுப்பேன்; முதலாளி அப்படியே செய்வார். நான்கு வருடங்களுக்கு முன் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது என் மூக்கையும் நாக்கையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது. வெங்காயத்தைக் கடித்தாலும் காகிதத்தைக் கடித்தாலும் எனக்கு ஒன்றுதான். யாரிடமும் சொல்லவில்லை. என் மனைவியிடம் மட்டும் சொன்னேன்.

அவளுக்கு மோப்பம் அதிகம். பக்கத்து வீட்டில் பால் அடிப்பிடித்ததை அந்த வீட்டுக்காரிக்கு முன்னால் சொல்கிறவள். பதினான்கு புட்டிகளில் ஏலக்காய், கிராம்பு, காப்பித்தூள் என்று நிரப்பி, அவள் கண்ணைக் கட்டி, ஒவ்வொன்றாக நீட்டிப் பழக்கினேன். பிறகு சுருட்டு. முதல் நாள் வாந்தி எடுத்தாள். மூன்றாவது மாதம் எனக்கே வராத நுட்பம் அவளுக்கு வந்துவிட்டது.

"ஏங்க, இது மழையில நனைஞ்ச செருப்பு. பாதிக்கு மேல எங்க சித்தியோட பழைய பெட்டியத் தொறந்த மாதிரி இருக்கு."

நான் 'தோல், முதிர்ந்த மரம்' என்று எழுதினேன். எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "உங்க முதலாளிக்கு விஷயம் தெரிஞ்சா அதே செருப்பாலதான் அடிப்பாரு."

நாக்கு சுத்தமாக இருக்க வேண்டுமென்று அவளுக்கு உப்பும் காரமும் நிறுத்தினேன். காற்றடித்தால் சுருட்டு ஒருபக்கமாக எரியும். அறையின் ஜன்னலையும் சாத்தினேன். அவள் தங்கை வந்தபோது, "ஜெயில்லகூட உப்பு போடுவாங்க அத்தான்" என்றாள். அதை வேடிக்கைப் பேச்சு என்றே எடுத்துக்கொண்டேன்.

போன வருடம் அவளுக்கு இருமல் நிற்கவில்லை. நுரையீரலில் கிருமி என்றார் டாக்டர். ஆறு மாதம் மாத்திரை. புகைப் பக்கம் தலை வைத்துப் படுக்கக் கூடாது.

"வாய் கசக்குமா டாக்டர்?" என்று கேட்டேன்.

"கசக்கும். எதுவும் ருசிக்காது. உயிரைவிட ருசியா பெரிசு?"

புதுச் சுருட்டுக்கு நான்கு மாதத்தில் கலவை சொல்ல வேண்டியிருந்தது. அதனால் அதே நிறத்தில், அதே அளவில் சத்து மாத்திரைகள் வாங்கி டப்பாவில் மாற்றி வைத்தேன். முன்னெச்சரிக்கையாக ஒன்றைக் கடித்தும் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

மூன்றாம் நாள் சொன்னாள்: "ஏங்க, இது இனிக்குதே. டாக்டர் கசக்கும்னாரே."

"நோய்ல உன் நாக்கு கெட்டுப்போச்சும்மா" என்றேன்.

 டாக்டர் சொல்லியும் எனக்காக விடாமலிருந்த சுருட்டை அன்று அவள் தொடவில்லை. "கெட்டுப்போன நாக்க வச்சு நான் எதையாவது சொல்லி, உங்க வேலைக்கு உலை வைக்கவா?" என்றாள். பிறகு தானே கண்ணைக் கட்டிக்கொண்டு, "புட்டிய நீட்டுங்க, பாக்கலாம்" என்றாள். நீட்டினேன். பதினான்கையும் சரியாகச் சொன்னாள். "எத்தனை சரி?" என்று கேட்டாள்.

என் நிலையை யோசித்துப் பாருங்கள். எல்லாம் சரி என்றால் மாத்திரை இனிப்பதும் உண்மையாகிவிடும். "ஏழு தப்பு" என்றேன். அவள் கண்கட்டை அவிழ்ப்பதற்குள் புட்டிகளைக் கலைத்து வைத்துவிட்டேன்.

அதன் பிறகு அவள் ருசி பார்க்கவே இல்லை. கலவையை நானாகத்தான் எழுதிக் கொடுத்தேன். யாரும் குறை சொல்லவில்லை. மாத்திரையை மட்டும் அவள் ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. "முழுசாச் சாப்பிட்டா நாக்கு திரும்பிடும்ல?" என்று கேட்பாள். திரும்பிவிடும் என்பேன். ஐந்தாவது மாதம் இறந்துபோனாள். மிச்சமிருந்த மாத்திரையை அவள் தங்கை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தாள்.

அவள் சுருட்டைத் தொடாமல் போனபோதே நிஜ மாத்திரையைக் கொடுத்திருக்கலாமே என்கிறீர்கள். நியாயமான கேள்வி. மேஜை இழுப்பறையில் அது பத்திரமாகத்தான் இருந்தது. கொடுத்தால் கசந்திருக்கும். கசந்தால், அதுவரை தின்றது என்ன என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். அதனால் கொடுக்கவில்லை. தெரிந்தேதான் கொடுக்கவில்லை, அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்று ஐயா. ருசி பார்க்கிறவள் இன்னொருவன் பேச்சைக் கேட்டுத் தன் நாக்கைச் சந்தேகிக்கலாமா? இனிக்கிறது என்று அவள் உறுதியாக நின்றிருந்தால் இன்று உயிரோடு இருந்திருப்பாள். எவ்வளவோ சொல்லிக்கொடுத்தேன், அந்த ஒரு பாடத்தில் மட்டும் அவள் கவனமாக இல்லை.