உள்ளேயிருந்து வந்த சேதி

— கொஞ்சம் கிட்ட வா, பிரியா. பாகூர் பஸ் வர்றதுக்குள்ள ஒரு சேதி சொல்றேன். கேட்டீன்னா ரிஜிஸ்டர் ஆபீசுல நீயே பேனாவ வாங்கிக் கையெழுத்து போடுவ.

— சொல்லுங்க. அப்பாரு எனக்குன்னு எழுதி வெச்சது அந்த அரைக் காணி நெலம் ஒண்ணுதான். நம்ம வூட்டுச் சோறு அதுலதான் வருது. அத வித்து ஷேர் வாங்கணும்னா சேதி கெட்டியா இருக்கணும்.

— கெட்டிதான். நாம பேசுறத மிஷினுக்குப் புரிய வெக்கிற கம்பெனி ஒண்ணு இருக்குதுல்ல? அவனும், போனுக்கு சிப்பு செய்றவனும் ஒண்ணா சேரப் போறாங்க. விசயம் வெளிய வந்துட்டா அந்தப் பேச்சு கம்பெனி ஷேர நாம தொடக்கூட முடியாது.

— சேரப் போறோம்னு அவங்களே சொன்னாங்களா?

— சொன்னப்புறம் வாங்கி இன்னாடி பண்றது? பந்தி முடிஞ்சி எல போட்ட கததான்.

— அப்ப யாரு சொன்னது?

— நம்ம தெரு விஜயராஜ் வாட்ஸாப் குரூப்புல போட்டான். அவன் மாட்ட வித்தே வாங்கிட்டான். கிருமாம்பாக்கத்துல பாதித் தெரு கெளம்பிடுச்சி.

— அவருக்கு யாரு சொன்னது?

— போலீசுக்காரி மாதிரி கேக்குறியே. அவன் பொண்டாட்டி செல்வகுமாரிதான். அந்தப் பேச்சு கம்பெனி உள்ளயே வேல செய்ற பொம்பள ஒருத்தி அவகிட்ட சொன்னாளாம். பேர வெளிய சொன்னா அவ வேல போயிடுமாம்.

— இன்னா சொன்னாளாம்? அப்பிடியே சொல்லுங்க.

— 'இந்தக் குரலெல்லாம் அரிசியாட்டம் சின்ன சிப்புக்குள்ள போவப் போவுது, நாடு பூரா கேக்கும்'னு. இன்னாடி, மூஞ்சி இப்பிடி ஆயிடுச்சி? பஸ் வருது பாரு, கைய காட்டு.

— போவட்டும், வுடுங்க. அந்த குரூப்ப தொறந்து, வாய்ஸ் போடுற எடத்த அமுக்கிக் குடுங்க.

— நெலம் போயிடுமேன்னு எதையாவது ஒளறாத. நாலு பேரு கேக்குற எடம்.

— நாலு பேரும் கேக்கணும்னுதான்.

— ம்... அமுக்கிட்டேன். பேசு.

— எல்லாருக்கும் வணக்கம். நான் அரிகரன் வூட்டுக்காரி பிரியதர்ஷினி பேசுறேன். செல்வகுமாரி அக்கா வெளிய சொல்லாத பேரு என் பேருதான். நான் கம்பெனி உள்ள இல்லீங்க. அவங்க மிஷினு பேச்சு கத்துக்க, வெளிச் சத்தம் வராம பீரோத் துணிக்குள்ள மூஞ்ச வெச்சிகிட்டு, 'மோட்டார நிறுத்து, ஃபேன கொற'ன்னு கூலிக்குப் போன்ல படிச்சி அனுப்புறவ. உன் குரல யாருடி கேக்கப் போறான்னு அக்கா சிரிச்சாங்க. ரோசத்துல சிப்பு, நாடுன்னு நானா அளந்து வுட்டேன். எந்தக் கம்பெனியும் எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. ஏசுறவங்க வந்து ஏசுங்க, வூட்டுலதான் இருப்பேன். நெலத்த மட்டும் வுட்டுடாதீங்க. உங்க வூட்டு ஒல என்னிக்கும் கொதிக்கணும், புள்ளகுட்டிங்க நல்லா இருக்கணும்.