எட்டு டீயின் பெறுமதி

பிரஷர் பார்க்கும்போது பேசக் கூடாது என்று நீதான் சொல்வாய். அதனால் முதலில் பார்த்துவிடு, மஸீனா. பார்த்தாயிற்றா? சரி. அந்தப் பட்டியைக் கழற்றிவிட்டுக் கதவைச் சாத்து. வெளியே யாரும் இல்லை, நான்தான் கடைசி நம்பர். போன தடவை நீ கேட்டதற்குப் பதில் சொல்லவேண்டும் என்றே கடைசி நம்பராகக் கேட்டு வாங்கினேன்.

"சேர், எனக்கு அஞ்சு டீ, சரோவுக்கு எட்டு டீ. ஒரே காலேஜுக்குத்தானே ரெண்டு பேரும் போட்டோம். நான் போனேன், அவ போகல. எப்படி சேர்?" கணக்கு வாத்தியாரிடம் கேட்கவேண்டிய கேள்விதான். இத்தனை வருடத்தில் வேறு யாருக்கும் இது தோன்றவில்லை. உனக்கு மூளை ஆறுதலாக, மெல்ல மெல்லத்தான் வேலை செய்யும் என்று வகுப்பில் உன்னைக் கிண்டல் செய்திருக்கிறேன். ஆறுதலாகத்தான் செய்கிறது, ஆனால் சரியான இடத்துக்கு வந்து சேர்ந்துவிடுகிறது.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு டீயின் அருமை தெரியாது. அப்போது சாதாரண தரப் பரீட்சையில் டீ என்றால் விசேட சித்தி. அதற்கு மேலே ஒன்றும் கிடையாது. எட்டுப் பாடத்துக்கும் எட்டு டீ எடுத்த பிள்ளையைப் பற்றி ஊரே பேசும். என் மகள் சரோஜினிதேவி எடுத்த அன்று உன் வாப்பா, ஸக்கரியா முதலாளி, கராம்புக் கடையை அப்படியே விட்டுவிட்டு வந்தார். "எட்டு டீயாமே சேர், எங்களுக்கு ஒரு டீயாவது ஊத்த மாட்டீங்களா?" என்று வாசலில் நின்று சிரித்தார். அவள் அம்மா தவமணி அன்று முழுக்க அடுப்படியிலேயே நின்றாள். வந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணீர்.

உயர்தரத்தில்தான் இரண்டு பேருக்கும் இங்கே இடம் தவறிப்போனது. மருத்துவத்துக்கு மாத்தளை மாவட்டத்தின் வெட்டுப்புள்ளிக்குச் சரோ மயிரிழை கீழே, நீ இன்னும் கொஞ்சம் கீழே. அந்தக் கிழமை ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் நான் மேசையைத் தட்டிப் பேசினேன். தரப்படுத்தலாம் தரப்படுத்தல், ஒரே விடைக்கு இரண்டு பெறுமதியா, எழுதியவன் யார், எந்த ஊர் என்று பார்த்தா புள்ளி போடுவது என்று கேட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள்.

பிலிப்பைன்ஸில் ஒரு மருத்துவக் கல்லூரியின் விபரத்தை உன் வாப்பாதான் தேடிக் கொண்டுவந்தார். குமர்ப்பிள்ளையைக் கடல் தாண்டி அனுப்பப்போகிறீர்களா என்று அவரிடமே முகத்துக்கு நேரே கேட்டவர்கள் உண்டு. "பேசுறவன் பேசட்டும் சேர். ரெண்டு புள்ளயும் ஒண்ணாப் போனா ஒண்ணுக்கொண்ணு தொணை" என்றார். தவமணியும் அதையே சொன்னாள். "போகட்டுங்க. இங்க இருந்து என்ன காணப்போறா?" என்றாள். சரோ பெட்டி வாங்கும் முன்பே பெட்டியில் என்ன வைப்பது என்று உன்னோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கல்லூரி நம்முடைய பெறுபேறுகளைத் தன்னுடைய அளவுக்கு மாற்றி ஒரு சராசரி கேட்டது. பாடசாலையே மாற்றி, முத்திரை குத்தி, நேரே அனுப்பவேண்டும். நம் அதிபருக்கு இங்கிலீஷ் கடிதம் என்றால் காய்ச்சல் வந்துவிடும். எல்லாவற்றையும் உப அதிபரான என் பக்கம் தள்ளிவிடுவார். அவர்களுடைய அளவில் ஏ என்றால் நான்கு, பீ மூன்று, சீ இரண்டு, டீ ஒன்று. அங்கே டீ என்பது தப்பிப் பிழைத்தவன் வாங்குகிற எழுத்து. ஆகவே நம்முடைய டீயை அப்படியே போட முடியாது. இந்த நாட்டில் சாதாரண தரத்தில் இதுவே உச்சம் என்று ஒரு குறிப்பு எழுதி, நான்கு போடவேண்டும். உனக்கு அப்படித்தான் செய்தேன். மூன்றுக்கு மேலே வந்தது.

சரோவுக்குக் குறிப்பு எழுதவில்லை. டீக்கு நேரே ஒன்று என்று போட்டேன். அவர்களுடைய அட்டவணையில் அப்படித்தானே இருக்கிறது. உயர்தரப் பாடங்களையும் சேர்த்துக் கூட்டிப் பிரித்தபோது ஒன்றரை வந்தது. அவர்கள் கேட்டது இரண்டரை. நான்கு போட்டிருந்தால் மூன்றரை வந்திருக்கும். கூட்டலை மறுபடியும் சரிபார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

நாடு கெட்டுக் கிடந்தது, தூரதேசம், தனியாக ஒரு பெண்பிள்ளை என்றெல்லாம் காரணம் சொல்லலாம். நானும் பெண்பிள்ளைதானே சேர் என்று நீ கேட்பாய். நீ என் பிள்ளை இல்லை, மஸீனா. அதுதான் வித்தியாசம். பின்னேரத்தில் நான் கொப்பி திருத்தும்போது அவள் எதிரே உட்கார்ந்திருப்பாள். சிவப்புப் பேனையைப் பிடித்துக்கொண்டு, "பாவம்ப்பா, அரைப் புள்ளி போடுங்க" என்று கெஞ்சுவாள். அவள் உட்காராத அந்தக் கதிரையை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. வேறு ஒன்றும் இல்லை. ஒரு வருடம் என்னோடு இருக்கட்டும், அடுத்த வருடம் சரியாகப் போட்டு அனுப்பலாம் என்றுதான் நினைத்தேன்.

ஆனால் அந்தக் கல்லூரியில் கெட்டிக்காரர் ஒருவர் இருந்திருக்கிறார். ஒரே பாடசாலை, ஒரே கையெழுத்து, ஒரு மாணவியின் டீக்கு நான்கு, இன்னொரு மாணவியின் டீக்கு ஒன்று. எது சரி என்று கேட்டு எழுதினார். நம் வழக்கத்தில் தகப்பன் பெயர் ஒற்றை எழுத்தாகத்தானே முன்னால் நிற்கும். சி. சரோஜினிதேவி. அந்தச் 'சி'தான் கீழே கையெழுத்துப் போட்டிருக்கும் சிவசுப்பிரமணியம் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

ஒன்றுதான் சரி என்றால் உன் இடம் போய்விடும். நான்குதான் சரி என்றால் அவள் போய்விடுவாள். உன் வாப்பாவின் முகத்தில் எப்படி முழிப்பது? ஆகவே இப்படிப் பதில் எழுதினேன்: முதல் மாணவியின் டீ விசேட சித்தியே. இரண்டாவது மாணவியின் சான்றிதழில் எழுத்துகள் திருத்தப்பட்டிருக்கலாம் என்று சந்தேகிக்கிறேன். ஆகையால் அவற்றுக்கு உயர்ந்த பெறுமதியைச் சிபாரிசு செய்ய இயலாது.

அது பச்சைப் பொய். என் பிள்ளையைக் கள்ளி என்று எழுதினேன். நல்ல இங்கிலீஷில், ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன். அதன்பிறகு அவளுக்கு அங்கே அடுத்த வருடம் என்று ஒன்று இல்லாமல் போயிற்று. அதுவும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

அவளுக்கு வந்த பதிலில் காரணம் இருக்கவில்லை, தகுதி போதாது என்று ஒரு வரி மட்டும். வாசற்படியில் நின்றே வாசித்தாள். "எட்டு டீ பத்தாதாப்பா?" என்று கேட்டாள். "அங்க பத்தாதாம், அம்மா" என்றேன். அவள் நம்பினாள். நான் கணக்கில் பொய் சொல்வேன் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அதை நினைத்தால்தான் எனக்கு நெஞ்சு அடைக்கும். நீ மாத்திரை மாற்றித் தந்தாலும் அது நிற்காது. உன் கைக்குட்டைகளுக்கெல்லாம் உன் பெயரின் முதல் எழுத்தைத் தைத்துக் கொடுத்து உன்னைக் கட்டுநாயக்காவில் பிளேன் ஏற்றிவிட்டு வந்தாள். வரும் வழியெல்லாம் என் தோளில் சாய்ந்து தூங்கினாள்.

பிறகு இரத்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்தது. காலையில் பஸ், பின்னேரம் வீடு, எதிரே அந்தக் கதிரை. இப்போது அவளுக்கும் திருத்தக் கொப்பிகள் இருந்தன. என் வாழ்க்கையில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்த காலம் அதுதான். இதை மறைத்தால் மற்றதெல்லாம் சொல்லிப் பயனில்லை.

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தின்போது தவமணி யாழ்ப்பாணத்துக்குத் தமையன் வீட்டுக்குப் போயிருந்தாள். கடைத்தெரு எரிய ஆரம்பித்ததும் உன் வாப்பா பின்பக்கத்தால் வந்து என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உங்கள் வீட்டில் வைத்தார். உன் உம்மா சோறு போட்டுத் தந்தார். சரோ தோட்டத்தில் பத்திரமாக இருப்பாள் என்று நம்பி நான் சாப்பிட்டேன்.

அந்தத் தோட்டத்து நாகமுத்துவின் மகள் அவளிடம் படித்தவள். எல்லாம் அடங்கிய பிறகு நாகமுத்து என்னைத் தேடி வந்து அழுதார். "டவுன்ல நெருப்பாம் டீச்சர், இன்னிக்குப் போகாதீங்க, நம்ம லயத்துலயே இருந்துக்கங்கன்னு எவ்வளவோ சொன்னோம் சேர். அம்மா ஊர்ல இல்ல, அப்பா தனியா இருப்பாருன்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டாங்க."

டவுனுக்கு வெளியே பஸ்ஸை மறித்தார்கள். என்னை அடையாளம் காட்டக் கூப்பிட்டபோது கையில் கிடந்த மணிக்கூட்டைப் பார்த்து, ஆம் என்றேன். அவள் முகத்தைப் பார்க்க விடவில்லை. மறித்தவர்கள்தான் கொன்றார்கள். நான் கொல்லவில்லை. இதை எல்லாப் பக்கத்தாலும் போட்டுப் பார்த்துவிட்டேன். விடை அப்படித்தான் வருகிறது. ஆனால் அன்றைக்கு அவள் உன் பக்கத்தில் உட்கார்ந்து எலும்புகளின் பெயரைப் பாடமாக்கிக்கொண்டிருந்திருக்க வேண்டும். ஐயோ, என் பிள்ளை. எனக்குத் துணையிருக்க வந்து செத்துப்போனாள்.

அழாதே. நீ டாக்டர். தவமணிக்கு இது ஒன்றும் தெரியாது. பிலிப்பைன்ஸ்காரன் கண்ணில்லாதவன் என்று இன்றைக்கும் திட்டுகிறாள். சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம்.

போகுமுன் உன்னிடம் ஒரு சின்ன உதவி கேட்கவேண்டும். தவமணியின் தங்கை நேசம்மா லண்டனிலிருந்து அவளை வரச் சொல்லிக் கூப்பிடுகிறாள். இவளும் போய்க் கொஞ்ச காலம் இருந்துவிட்டு வருகிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். இந்த இருதயத்தோடு நான் பிளேன் ஏறக் கூடாது என்று நீயே சொல்லிவிட்டாய். அவளுக்கு ஒரு நோய் வருத்தமும் இல்லை, கல்லு மாதிரி இருக்கிறாள். ஆனாலும் அவ்வளவு தூரப் பயணம் உடம்புக்கு ஆகாது என்று இரண்டு வரி எழுதித் தா. நான் சொன்னால் கேட்கமாட்டாள், டாக்டர் எழுதினால் நம்புவாள். அவளுடைய நன்மைக்குத்தான் கேட்கிறேன், மகள்.