சந்தனம் வைத்த ராஜாக்கள்

"சாமிக்கு வச்ச சந்தனத்துக்கு எவனாச்சும் வெலையைக் கொறைப்பானா, பாய்?"

பெரம்பலூரிலிருந்து வந்த பஸ், அரியலூர் ரயில்வே கேட்டில் நின்று கால் மணி நேரம் ஆகியிருந்தது. எனக்கு முன் சீட்டில் இருந்த குரும்பலூர் விவசாயிதான் அப்படிக் கேட்டார். அவர் மடியில், விற்க எடுத்து வந்த வெள்ளைக்காரன் காலத்து சிகரெட் பெட்டிகளில் வந்த ராஜா படங்கள், அட்டை அட்டையாக. ஆயுதபூஜைக்குக் கலப்பையோடு சேர்த்து அவற்றையும் படைத்திருக்கிறார். ஒவ்வொரு ராஜா நெற்றியிலும் சந்தனம், குங்குமம்.

"கொறைப்பான்ங்க," என்றார் பக்கத்திலிருந்த லப்பைக்குடிக்காட்டுக்காரர். துபாயிலிருந்து லீவில் வந்தவராம். பிளாஸ்டிக் உறையில் இருந்த புத்தம்புது, புட்பால் ஆட்டக்காரர் படம் போட்ட அட்டைகளைக் காட்டினார். "இதுல கைரேகைகூடப் படலை. இருவது வருசம் கழிச்சுப் பாருங்க, இதுக்குத்தான் வெலை நிக்கும்."

"அதுவரைக்கும் தொடாம எப்படி இருக்குறது?" விவசாயி எட்டி எட்டி கேட்டைப் பார்த்தார். "வாங்குறவரு ஸ்டேஷன்ல நிக்கிறாரு. திருச்சி வண்டி வந்துட்டா ஏறிப் போயிடுவாரு."

எங்கோ ரயில் ஊதியது. அவர் கட்டைவிரலில் எச்சிலைத் தொட்டு ஒரு ராஜாவின் நெற்றியைத் தேய்க்க ஆரம்பித்தார்.

"வேணாங்க, விடுங்க."

"இதோ போயிடும், பாய்."

குங்குமம் போயிற்று. பிறகு நெற்றி போயிற்று, ஒரு கண்ணும் போயிற்று. விரல் அப்படியே நின்றது.

பாய் தன் அட்டைகளை உறையிலிருந்து உருவிச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டார். மிச்ச ராஜாக்களை வாங்கி உறைக்குள் போட்டு அவரிடமே கொடுத்தார்.

"உங்களுது கசங்கிடுமே, பாய்?"

"கசங்கட்டும்ங்க. இதை நாளைக்கும் அச்சடிப்பான். அதை எவன் அடிப்பான்?"